நோய்நாடும் வினாக்களில் நம் தமிழ்



ஆண்டுவிழா உரை என்றால் சங்க இலக்கியத்தில் உவமை, பாரதிதாசனில் பெண்மை என்று ஏதேனும் ஒரு தலைப்பைத் தமிழாசிரியரிடம் எதிர்பார்ப்பது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒன்பதே வினாக்கள் கொண்ட ஒரு மருத்துவத் தாளை. நீரிழிவு உடையவரிடம் மனச்சோர்வும் இருக்கிறதா என்று முதற்கட்டமாகக் கண்டறிய மருத்துவர்கள் கேட்கும் வினாக்கள் அவை. ஆங்கிலத்தில் பிறந்த அத்தாள் தமிழுக்கு வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் எதைக் கேட்டதோ அதையேதான் தமிழிலும் கேட்கிறது என்று மெய்ப்பித்துக் காட்டும் கடமை அதைப் பயன்படுத்துவோருக்கு உண்டு. அதனை ஏற்புடைமை காணல் என்பர். அவ்வேலையில் பாதி எண்களைச் சேர்ந்தது. மறுபாதி சொற்களைச் சேர்ந்தது. அந்த மறுபாதியில் தமிழ் கற்றோர்க்குப் பங்கு உண்டு என்பதும், அப்பங்கை நாம் இதுவரை கேட்டுப் பெறவில்லை என்பதுமே நான் சொல்ல வந்தவை.

சர்க்கரைக்கும் துயரத்துக்கும் உறவு உண்டு என்பது புதிய செய்தியன்று. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நீண்ட துயரமே நீரிழிவுக்கு ஒரு காரணம் என்று கருதினார். இன்றைய மருத்துவம் உறவு இருபுறமும் செல்வது என்கிறது. அதுவரை வெளிவந்திருந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் வெளியான ஒரு மதிப்பீடு, நீரிழிவு உடையோரிடம் மனச்சோர்வு ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டது. சோர்ந்த மனத்தினர் மாத்திரையைத் தவறவிடுகிறார்; நடைப்பயிற்சியை விட்டுவிடுகிறார்; உணவில் கட்டுப்பாடு தளர்கிறது; சர்க்கரை ஏறுகிறது; ஏறிய சர்க்கரை மனத்தை மேலும் தளர்த்துகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உடையோர் சுமார் 10.1 கோடிப் பேர். தமிழகத்தில் வயதுவந்தோருள் நூற்றுக்குப் பதினான்குக்கு மேற்பட்டோர். பின்னலாடைத் தொழிலை நம்பி வாழும் நம் பகுதியில் ஒவ்வொரு தெருவிலும் இவர்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர் பெண்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்தால் சர்க்கரையின் அளவு தெரிந்துவிடும். மனத்தின் அளவைப் பார்க்க நம்மிடம் இருக்கும் கருவி சொல் ஒன்றுதான்.

மருத்துவமனைகளில் பி.எச்.கியூ.-9 என்று வழங்கும் இத்தாளை அமெரிக்க ஆய்வாளர்கள் ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் குரோன்கே ஆகியோர் உருவாக்கினர். கடந்த இரண்டு வாரங்களில் இன்னின்ன தொல்லை உங்களுக்கு எத்தனை நாள் இருந்தது என்பதே வினாக்களின் அமைப்பு. எதிலும் நாட்டமின்மை, மனம் தாழ்ந்திருத்தல், உறக்கக் கேடு, அசதி, பசிக் கேடு, தன்னையே தாழ்வாக எண்ணுதல், கவனம் நில்லாமை, அசைவில் மந்தமோ பரபரப்போ, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியன ஒன்பதும் கேட்கப்படும். 'இல்லவே இல்லை' என்பதற்குச் சுழி. 'ஏறக்குறைய எல்லா நாளும்' என்பதற்கு மூன்று. ஆக உச்சம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவர் அமர்ந்து பேசிப் பார்க்க வேண்டும். 2001இல் வெளியான ஆய்வில் 6,000 நோயாளிகளிடம் இது பயன்படுத்தப்பெற்றது. அவர்களுள் 580 பேரை உளநல வல்லுநர் தனியே பேட்டி கண்டு, தாளின் தீர்ப்பையும் தம் தீர்ப்பையும் ஒப்பிட்டனர். மனச்சோர்வு உள்ளோரில் நூற்றுக்கு 88 பேரைத் தாள் சரியாகப் பிடித்தது. இல்லாதோரில் நூற்றுக்கு 88 பேரைச் சரியாக விட்டது.

இந்த 88 என்பது தேர்வு மதிப்பெண் போல நல்ல எண்ணாகத் தோன்றும். சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, நீரிழிவு உடைய ஆயிரம் பேரில் 200 பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாள் அவர்களுள் 176 பேரைப் பிடிக்கும். 24 பேரை விட்டுவிடும். மற்ற 800 பேரில் 96 பேரைத் தவறாகப் பிடிக்கும். ஆகத் தாள் சுட்டிக்காட்டும் 272 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அந்நோய் இல்லை. இது நன்றாகச் செய்யப்பட்ட ஒரு தாளின் நிலை. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் நழுவினால் விடுபட்ட அந்த 24 பேர் எத்தனை பேராவார்கள் என்பதே என் கவலை. தவறாகப் பிடிபட்டவர் மருத்துவரிடம் அரைமணி நேரம் பேசிவிட்டுத் திரும்புவார். விடுபட்டவரை மறுபடி கேட்பார் யாரும் இல்லை.

நம் மொழியில் இம்முயற்சி நடக்கவே இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டா. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் கே. எஸ். ஜேக்கப்பும் உடன் பணியாற்றியோரும், பொது உளநலத்தைக் கேட்கும் பன்னிரு வினாத் தாளொன்றின் தமிழ் வடிவை ஆய்ந்து 1999இல் ஏற்புடைமை கண்டனர். மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கேட்கும் எடின்பரோ வினாத்தாளின் தமிழ் வடிவுக்கும் அங்கிருந்தே 2005இல் அவ்வாறான ஆய்வு வந்தது. நீரிழிவைப் பொறுத்தவரை முன்னின்றது சென்னை. மருத்துவர் வி. மோகன் நிறுவிய சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் பூங்கோதையும் உடன் பணியாற்றியோரும் பி.எச்.கியூ.-9ஐப் பன்னிரண்டு வினாக்களாக மாற்றியமைத்து, அதன் நம்பகத்தையும் ஏற்புடைமையையும் ஆய்ந்து 2009இல் வெளியிட்டனர். ஒன்பது எப்படிப் பன்னிரண்டாகும் என்று கேட்கத் தோன்றும். மூலத்தாளில் மூன்று வினாக்கள் இரட்டைக் குதிரை பூட்டியவை. உறக்கம் வராமை அல்லது மிகையாக உறங்குதல், பசியின்மை அல்லது மிகையாக உண்ணுதல், மந்தமான அசைவு அல்லது பரபரப்பு என்று எதிரெதிரானவற்றை ஒரே மூச்சில் கேட்பவை. தாளில் படிப்பவருக்கு இது இடரில்லை. காதால் கேட்பவருக்கு இடர். 'அல்லது' என்பது எழுத்துத் தமிழின் சொல். தெருத் திண்ணையில் அதைச் சொல்வார் இல்லை. "தூக்கம் வரலீங்களா அல்லது அதிகமாத் தூங்கறீங்களா?" என்று கேட்டால், கேட்டவருக்கு இறுதியில் வந்ததே காதில் நிற்கும்.

அந்தப் பன்னிரு வினாத் தாளைக் கொண்டு சென்னை மாநகரில் 25,455 பேரிடம் கண்ட முடிவும் 2009இலேயே வெளிவந்தது. நூற்றுக்கு 15.1 பேரிடம் மனச்சோர்வுக்குரிய அறிகுறிகள் இருந்தன. வருவாய் குறைந்தோரிடம் 19.3, வருவாய் மிகுந்தோரிடம் 5.9. இவ்விரு எண்களுக்கு உரை எழுத வேண்டுவதில்லை. எனக்கு வேறோர் எண் முக்கியமாகப் பட்டது. மிகுதியாகச் சொல்லப்பட்ட அறிகுறி மனம் தாழ்ந்திருத்தல், நூற்றுக்கு 30.8 பேர். அடுத்தது அசதி; 30.0 பேர். இரண்டும் தோளோடு தோள் நிற்கின்றன.

இங்கேதான் நீரிழிவு வந்து குறுக்கே நிற்கிறது. சர்க்கரை ஏறினால் உடல் அசரும், இரவில் நான்கு முறை எழுந்து போகவேண்டி வருவதால் உறக்கம் கெடும், பசி மாறும், உடல் இளைக்கும், கவனம் சிதறும். ஒன்பது வினாக்களில் பாதி இவற்றையே கேட்கின்றன. ஆகவே சர்க்கரை மட்டும் உள்ளவர், மனத்தில் ஒரு குறையும் இல்லாமலேயே சில மதிப்பெண் பெற்றுவிடுவார். மறுதலையாக, உண்மையிலேயே மனம் ஒடிந்தவர் தம் அசதியைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டு வாளாவிருப்பார். நீரிழிவோடு வாழ்வதன் சலிப்பு என்று இன்னொன்றும் உண்டு. நாள்தோறும் ஊசி, நாவுக்குக் காவல், மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை என்ற வாழ்க்கையில் வரும் வெறுப்பு அது. அது மனச்சோர்வு நோயன்று. அதற்கெனத் தனியே இருபது வினாக்கள் கொண்ட தாளொன்று 1995இலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. ஆகவே நீரிழிவு உடையோரிடம் ஒரு தாள் செல்லுமா என்பதை அவர்களிடமே சோதித்துப் பார்க்க வேண்டும். பொதுமக்களிடம் செல்லுபடியானது என்பது போதாது.

தமிழில் இந்தச் சிக்கல் ஒரு முடிச்சு கூடுதலாகவே விழுந்திருக்கிறது. நோயின் பெயரிலேயே நாம் 'சோர்வு' என்ற சொல்லை வைத்துவிட்டோம். 'மனச்சோர்வு இருக்கிறதா' என்று கேட்டால், 'சோர்வாத்தானுங்க இருக்குது, சக்கரையல்லங்க' என்று விடை வரும். நாளிதழ்களோ அதை 'மன அழுத்தம்' என்கின்றன. ஆனால் வேலைப் பளுவால் வரும் நெருக்கடிக்கும் அதே 'மன அழுத்தம்'தான். ஏற்றுமதி நாள் நெருங்கும்போது பனியன் கம்பெனி மேற்பார்வையாளருக்கு வருவதும் அது; ஆறு மாதமாகச் சிரிப்பையே மறந்த பெண்ணுக்கு இருப்பதும் அது. இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கலைச்சொல் அகராதி தொகுக்கிறோம். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் உளக்காயத்தைப் பற்றி எழுதிய நூலுக்கு 'மனவடு' என்று பெயரிட்டார். கேட்ட மாத்திரத்தில் விளங்கும் சொல். வேறொன்றோடும் குழம்பாத சொல். மருத்துவர் ஒருவர் அதைச் செய்ய முடிந்தது என்பது நமக்குச் சற்று நாணம் தர வேண்டிய செய்தி.

இனி வினாக்களுக்குள் செல்வோம். முதல் வினா, செய்யும் செயல்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்ததா என்பது. நம் ஊரில் ஓவர்லாக் எந்திரத்திலோ செக்கிங் மேசையிலோ ஒன்றரை ஷிப்டு வேலை செய்யும் பெண்ணிடம் 'செயல்' என்றால் அது வேலைதான். 'வேலையில ஆர்வமா? செஞ்சாத்தானுங்க சோறு' என்பார். அவர் ஆர்வம் குன்றியவரா அல்லரா என்பது அவ்விடையிலிருந்து தெரியவே தெரியாது. பக்கத்து வீட்டில் போய்ப் பேசிக்கொண்டிருப்பது, பூ வாங்கி வைப்பது, பேரனைக் கொஞ்சுவது, கொண்டத்துக் காளியம்மன் குண்டத்துக்குப் போவது ஆகியவற்றில் முன்பிருந்த நாட்டம் இப்போதும் உண்டா என்று கேட்டால் விடை தானே வரும்.

இரண்டாம் வினாவில் நம்பிக்கையின்மை வருகிறது. ஆங்கிலத்தார் வருங்காலத்தைப் பற்றிய எதிர்பார்ப்புக்கு ஒரு சொல்லும், பிறர்மேல் வைப்பதற்கு ஒரு சொல்லும், கடவுள்மேல் வைப்பதற்கு ஒரு சொல்லும் வைத்திருக்கிறார்கள். நமக்கு மூன்றுக்கும் 'நம்பிக்கை' ஒன்றே. 'நம்பிக்கை இல்லாமல் இருக்கிறீர்களா?' என்று கேட்டால், 'ஏனுங்க, சாமி நம்பிக்கை இல்லாமயா?' என்று முகம் சுளிப்பார்கள். 'இனி நல்ல காலம் வராது என்று தோன்றுகிறதா' என்று ஒரு தொடரே வேண்டியிருக்கிறது.

எதிர்மறை வினா இன்னொரு பொறி. 'தூக்கம் வரலீங்களா?' என்ற கேள்விக்கு, வரவில்லை என்று சொல்ல விரும்பும் ஒருவர் 'ஆமாங்க' என்றும் சொல்வார், 'இல்லீங்க' என்றும் சொல்வார். இரண்டுமே பிழையில்லாத தமிழ். தாளில் குறிப்பவரோ ஆமாம் என்றால் ஒரு கட்டத்திலும் இல்லை என்றால் மற்றொரு கட்டத்திலும் குறிப்பார். பின்னர்க் கணிப்பொறியில் எத்தனை நுட்பமான சூத்திரங்களைப் போட்டாலும், அங்கே புரண்டது புரண்டதுதான். கேள்வியை உடன்பாட்டில் வைத்து, விடையை முழுத் தொடராக வாங்குவது ஒன்றே வழி.

கால அளவும் அவ்வாறே. 'இரண்டு வாரங்களில் பாதிக்கு மேற்பட்ட நாள்கள்' என்பது வகுப்பறைக் கணக்கு. திருப்பூர் வட்டாரத்தில் வாரம் என்பது சனிக்கிழமைச் சம்பளத்தில் தொடங்கி அடுத்த சம்பளத்தில் முடிவது. 'இந்த ரெண்டு சம்பளத்துக்குள்ள எத்தனை நாள்' என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள்.

வட்டார வழக்கையே தாளில் எழுதிவிடலாமே என்று கவிஞர்கள் கேட்கலாம். கொங்குநாட்டில் 'வெசனம்' என்றொரு சொல் இருக்கிறது. துயரமும் கவலையும் வாட்டமும் சேர்ந்த நிலை அது. 'அவ வெசனத்துலயே கெடக்கறா' என்றால் மருத்துவர் தேடும் இரண்டாம் வினாவுக்கு விடை வந்துவிட்டது. ஆயினும், நம் கம்பெனிகளில் தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்தவர்கள் பக்கத்துப் பக்கத்து எந்திரங்களில் அமர்ந்திருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்குத் தமிழே புதிது. ஊருக்கொரு தாள் என்றால் ஓர் ஊரின் எண்ணை இன்னோர் ஊரின் எண்ணோடு ஒப்பிட முடியாது. எல்லோருக்கும் ஒரே சொல் என்றால் அச்சொல் எல்லோரிடமும் ஒரே பொருளைச் சொல்லாது. என் கருத்தில், வினா எளிய பொதுத்தமிழில் இருத்தல் வேண்டும்; அதனடியில் அவ்வவ் வட்டாரத்துக்கென முன்கூட்டிச் சோதித்து ஏற்ற மாற்றுச்சொற்கள் அச்சாகியிருத்தல் வேண்டும். கேட்பவர் தம் வாய்க்கு வந்ததை விளக்கமாகச் சொல்லலாகாது. தமிழுக்குப் பெயர்த்ததை, மூலம் காணாத இன்னொருவரைக் கொண்டு ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பெயர்த்து ஒப்பிடும் வழக்கம் இத்துறையில் இருக்கிறது. நல்ல வழக்கமே. ஆனால் பெயர்த்தவரும் திருப்பிப் பெயர்த்தவரும் ஒரே கல்லூரித் தமிழர்களாக இருந்தால் 'நம்பிக்கை' போன போக்கிலேயே திரும்பி வந்துவிடும். வழியில் அது யாரையும் சந்திப்பதில்லை. நோயாளியிடமே 'இந்தக் கேள்வியை உங்கள் சொல்லில் சொல்லுங்கள்' என்று கேட்டுப் பார்ப்பதே உரைகல்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம் மக்கள் மனத்துயரை உடலின்மேல் ஏற்றிச் சொல்கிறார்கள், நெஞ்சு பாரம், தலைக்கனம், கைகால் ஓய்ச்சல் என்கிறார்கள், உணர்ச்சியைப் பெயரிட்டுச் சொல்லத் தெரியவில்லை என்று ஒரு குறை கூறப்படுவதுண்டு. தொல்காப்பியர் இதைக் கேட்டால் வியந்திருப்பார். உள்ளத்து நிகழ்வு உடம்பின்கண் தோன்றுவதற்கே அவர் மெய்ப்பாடு என்று பெயரிட்டு ஓர் இயலையே வகுத்தார். அவ்வியலில் தலைவிக்குரியனவாக அவர் நிரல்படுத்துவனவற்றைப் பாருங்கள். இன்பமானதையும் வெறுத்துவிடுதல், உணவு குறைதல், உடல் மெலிதல், கண் உறங்காமை ஆகியன அங்கே உள்ளன. தலைவி மனச்சோர்வு நோயாளி என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு கட்டுரை எழுதக் கிளம்பும் ஆய்வு மாணவர்களைத் தடுக்கவே விரும்புகிறேன். எவற்றைக் கண்டால் உள்ளம் நலமாக இல்லை என்று அறியலாம் என்ற பட்டியல் நம்மிடம் வேறு காரணத்துக்காக, வேறு துறையில், முன்பே இருந்தது என்பதே செய்தி. இன்னொன்று இதைவிட நுட்பமானது. அழுகைக்கும் இளிவரலுக்கும் நிலைக்களன்களைச் சொல்லும்போது, பிணியை அவர் அழுகையில் வைக்கவில்லை, இளிவரலில் வைத்தார். நோயாளிக்கு முதலில் வருவது துயரமன்று. தான் தாழ்ந்துவிட்டோம் என்ற உணர்வு. ஒன்பதில் ஆறாம் வினா அதைத்தான் கேட்கிறது. மூலத்தின் 'தோல்வி' என்பதை அப்படியே வைத்தால், பள்ளித் தேர்வு நினைவுக்கு வரும். 'வீட்டுக்குப் பாரமாகிவிட்டோம் என்று தோன்றுகிறதா' என்று கேட்டுப் பாருங்கள். கால்விரல் புண்ணால் கம்பெனிக்குப் போக இயலாமல் வீட்டிலிருக்கும் ஆடவர் அதற்கு எளிதில் விடை சொல்லமாட்டார். ஆனால் கேள்வி அவரைத் தொட்டுவிடும்.

கடைசி வினா சாவைப் பற்றியது. சென்னை ஆய்வில் நூற்றுக்கு 12.4 பேர் அவ்வெண்ணம் உண்டு என்றனர். 'செத்தாத் தேவலை' என்பது நம் பேச்சில் மூட்டுவலிக்கும் வரும், பேருந்துக்காகக் காத்து நிற்கும்போதும் வரும். அதனால் அவ்வாறு சொல்பவரை யாரும் பொருட்படுத்துவதில்லை. உண்மையாகச் சொல்பவரும் அதே தொடரைத்தான் சொல்கிறார். 'தற்கொலை' என்று கேட்டாலோ அது செய்தித்தாளின் சொல், காவல்நிலையத்தின் சொல்; வாய் அடைத்துவிடும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மனநெருக்கடியில் இருந்தவராகவே கொள்ள வேண்டும், தண்டிக்கலாகாது என்றது. அந்தச் சட்டம் வந்தபின்னும் அச்சம் போகவில்லை. 'வாழ்ந்தது போதும் என்று தோன்றியதா? அதற்காக ஏதாவது செய்துகொள்ளலாம் என்று நினைத்தீர்களா?' என்று இரண்டாகப் பிரித்து, அருகில் மாமியாரோ கணவரோ இல்லாத வேளையில், தாழ்ந்த குரலில் கேட்க வேண்டும். ஆம் என்று விடை வந்தால் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட முடியாது. யாரிடம் அழைத்துச் செல்வது என்பது கேட்பவருக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி உதவிக்கு எண் 14416. அதையாவது கையில் வைத்திருக்க வேண்டும். நீரிழிவு மருத்துவமனையிலேயே மனத்தையும் சேர்த்துக் கவனித்தால் இரண்டும் தேறுகின்றன என்று, சென்னை உள்ளிட்ட நான்கு இடங்களில் 404 பேரிடம் செய்து 2020இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. கேட்டுக் கண்டறிந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று இனி யாரும் சொல்ல இயலாது.

இனி நம் வட்டத்துக்கு ஒரு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். இங்கே அமர்ந்திருப்போருள் பனியன் கம்பெனியில் பணியாற்றும் கவிஞர்கள் உண்டு. விசைத்தறி ஓட்டுவோர், பள்ளி ஆசிரியர், உழவர் உண்டு. ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். நாட்டமின்மைக்கு, மன வாட்டத்துக்கு, தன்னைத் தாழ்வாக எண்ணுவதற்கு உங்கள் தெருவில் என்ன சொல் வழங்குகிறது என்று கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயர் வேண்டா. வயதும், தொழிலும், எந்த ஊர்ப் பக்கத்தார் என்பதும், யாரிடம் சொன்னார் என்பதும் போதும். வரும் பொங்கலுக்குள் தொகுத்து, இத்தகைய தாளைச் சோதிக்க முன்வரும் மருத்துவக் கல்லூரியின் உளமருத்துவத் துறைக்கு அனுப்புவோம். தொகுக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். 'வெசனம்' என்பதை முதல் பக்கத்தில் எழுதியாயிற்று.